பின் சுவருக்கு ஒரு பூச்சு

ஏப்ரல் பதினாறாம் தேதி, புதன்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வானம் மூட்டமாக இருந்தது. காற்று இல்லை. இரவு பெய்த மழையின் மிச்சம் செம்பனை மட்டைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் எங்கள் வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் குந்தியபடி, ஒரு பழைய பெயிண்ட் வாளியில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. மகன் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். அவனுக்குக் காலை ஷிஃப்ட். மருமகள் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆறே முக்கால் பஸ்ஸில் சிரம்பானுக்குப் போயிருந்தாள், கடைக்குட்டிக்குப் பல் பார்க்க. ஒரு மணிக்கு முன்னால் திரும்ப மாட்டார்கள். ஆக, எனக்கு ஐந்து மணி ஐம்பது நிமிடம் இருந்தது. நீளம் பதினெட்டு அடி, உயரம் ஒன்பது அடி கொண்ட ஒரு சுவருக்கு அது தாராளம்.

மறுநாள் பிற்பகல் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அம்மாள் வருவதாக இருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. அவர்களுடைய அம்மாதான் வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். மூத்தது பேத்தி, வயது ஒன்பது. நடுவில் பேரன், ஆறு. கடைசியும் பேத்தி, நான்கு. பள்ளி வயது வந்திருப்பது மூத்தவளுக்கு மட்டும்தான் என்பதால் இலாகாவின் விலக்குக் கடிதமும் அவளுக்கு மட்டும்தான் வேண்டியிருந்தது. அது முடிகிற நேரம். புதுப்பிக்க வேண்டுமென்றால் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் இல்லை. ஒன்றாம் வகுப்புக்கு டவுனுக்கு அனுப்பினோம். காலை ஐந்து நாற்பதுக்கு வேன் வரும். பன்னிரண்டு பேர் உட்கார வேண்டிய வேனில் பத்தொன்பது பிள்ளைகள்; நான் வாசலில் நின்று எண்ணியிருக்கிறேன். ஏழு மாதம் போனாள். அந்த ஏழு மாதத்தில் பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘உள்ளேன்’ என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, வேனைக் கண்டதும் உதட்டை உள்ளே மடித்துக்கொள்ளும். ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, “பிள்ளைக்குக் காது கேக்குமா?” என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசாத ஒன்றை அவர் என்ன செய்வார். கடைசி இரண்டு வாரம் வேனில் ஏறும் முன்பே வாந்தி எடுத்தாள். அதோடு நிறுத்தினார்கள். மருமகள் கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் பாலர் பள்ளியில் வேலை பார்த்தவள். “நானே பாத்துக்கிறேன் மாமா” என்றாள்.

வீட்டில் பேசுவாள், வெளியாள் வந்தால் பேச்சு நின்றுவிடும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வந்தாலும் அதே கதைதான். டாக்டர் நாளாகும், வற்புறுத்தாதீர்கள் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது வரப்போகிறவர் வெளியாள். அவருக்கு எதிரே பிள்ளை உதட்டை மடித்துக்கொண்டு நின்றால், வீட்டில் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று எழுதிவிட்டுப் போனால், திரும்பவும் வேன், திரும்பவும் வாந்தி. இரண்டு வாரமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

அவர்கள் படிக்கிற முறையும் என் கவலையைக் கூட்டியது. கால அட்டவணை கிடையாது. மணி அடிப்பது கிடையாது. காலையில் மருமகள் பின்பக்கச் சுவரில் ஒரு கேள்வி எழுதுவாள். ‘நம்ம வீட்டுச் சாக்கடைத் தண்ணி கடைசியில எங்க போகுது?’ அவ்வளவுதான் அன்றைய பாடம். சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் பதிலைக் கண்டுபிடித்து அதே சுவரில் எழுதவோ வரையவோ வேண்டும். அந்தச் சாக்கடைக் கேள்விக்கு மூன்றும் கரையோரமாகவே இரண்டு மைல் நடந்து ஆற்றைப் பார்த்துவிட்டு முழங்கால் வரை சேற்றோடு வந்தன. பின்னால் போன எனக்கும் சேறுதான்.

ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். புத்தகம் திறந்திருந்த நேரம் மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம். மருமகளிடம் சொன்னேன்.

“மாமா, நீங்க ஆபீஸ்ல எட்டு மணி நேரமும் பேனாவ புடிச்சிக்கிட்டேவா இருந்தீங்க?”

“அதெப்படி? காட்டுக்குப் போவணும், ஸ்டோருக்குப் போவணும், ரப்பர் பால் நிறுக்கிற எடத்துல நிக்கணும்...”

“அதான் லா. இதுங்களும் காட்டுக்குப் போயிருக்குதுங்க.”

அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

நான் முப்பத்து நான்கு வருடம் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்தவன். ஆள் கணக்கு, பால் கணக்கு, சம்பளக் கணக்கு எல்லாம் என் கையில்தான். எண்ணுவது பழக்கமாகிவிட்டது. எண்ணும்போது வாய் அசையும், கொஞ்சம் சத்தமும் வரும் என்று என் மனைவி இருந்தவரை சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தப் பழக்கத்தால் நானே ஒரு முறை பேத்தியிடம் மாட்டிக்கொண்டேன். ‘ஒரு செம்பனைக் குலையில் எத்தனை பழம்?’ என்று ஒரு நாள் சுவரில் கேள்வி. மகன் ஒரு குலையைக் கொண்டுவந்து போட்டான். பிள்ளைகள் பழத்தைப் பிய்த்துப் பிய்த்துப் பத்துப் பத்தாகக் குவித்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் இறங்கினேன். இரண்டு நாள் ஆனது. பேத்தியின் கணக்கு ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு. என் கணக்கு ஆயிரத்து முந்நூற்று எண்பத்து மூன்று.

“திரும்ப எண்ணு” என்றேன்.

“நீங்க எண்ணுங்க தாத்தா.”

திரும்ப எண்ணினேன். எண்பத்து மூன்றுதான். அவள் எழுந்து போய் முட்டையிடும் கூடையில் உட்கார்ந்திருந்த கோழியைத் தூக்கினாள். அடியில் மூன்று பழம். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த எண்ணும் சுவரில் ஏறியது. அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே எவ்வளவோ இருந்தன. ஆலைக்குக் குலை ஏற்றிப்போகும் லாரியின் பாதை. பிள்ளைகளின் உயரக் கோடுகள். ஒரே பொருளுக்குத் தமிழ் சிவப்பில், மலாய் பச்சையில், ஆங்கிலம் நீலத்தில். பேரன் வரைந்த பியாவாக். ஆற்றோரத்தில் அவன் பார்த்த பெரிய உடும்பு, நான்கு அடி இரண்டு அங்குலம், அசல் நீளத்திலேயே. கடைக்குட்டியின் கைத்தடங்கள். எல்லாவற்றுக்கும் இடது ஓரமாக மூத்தவளின் மழைக் கணக்கு. கூரைக்கு வெளியே ஒரு கம்பத்தில் நேர்ப் பக்கமுள்ள டின் ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள். மழை நின்றதும் அடிக்குச்சியை விட்டு அளந்து, அந்த உயரத்துக்கு ஒரு நீலக்கோடு போட்டு, அடியில் தேதி எழுதுவாள். மெழுகு க்ரேயானால் போட்ட கோடுகள். போன தீபாவளியிலிருந்து ஒரு மழை விடவில்லை.

இதெல்லாம் எனக்கு இப்போது இப்படித் தெரிகிறது. அந்தப் புதன்கிழமை காலையில் எனக்குத் தெரிந்தது ஓர் அழுக்குச் சுவர்.

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் செய்தது புரியும். கம்பெனியிலிருந்து பெரிய துரை பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தால், மூன்று நாள் முன்னாலேயே ஸ்டோரில் சுண்ணாம்பு மூட்டை இறங்கிவிடும். சாலையோரக் கற்கள், கால்வாய் விளிம்பு, தென்னை மரத்தில் இடுப்பு உயரம், ஆட்கள் குடியிருக்கும் லயத்துச் சுவர், கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை எல்லாம் வெள்ளை. பிள்ளைகளின் கரிக்கிறுக்கல், வெற்றிலைத் துப்பல், அடுப்புப் புகை எல்லாம் அதன் அடியில் போய்விடும். துரை காடியை விட்டு இறங்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போவார். என் காலத்தில் அப்படி இருபத்தாறு வருகை. ஒன்றுகூடத் தவறியதில்லை. ஆள் வருகிறார் என்றால் சுண்ணாம்பு. எனக்கு வேறு வழி தெரியாது.

அதனால்தான் செவ்வாய்க்கிழமையே யாரிடமும் சொல்லாமல் சிரம்பானுக்கு பஸ் ஏறினேன். தெமியாங் பக்கம் ஒரு கடையில் பயிற்சிப் புத்தகம் ஒன்பது, ஒரு வெள்ளைப் பலகை, மூன்று ஜோடி வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து வாங்கினேன். சப்பாத்து போட்டால் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடக் களை வரும் என்று நினைத்தேன். பக்கத்து ஹார்ட்வேர் கடையில் ஒரு பிரஷ்ஷும் சுண்ணாம்பும்.

“ரெண்டு பாக்கெட் எடுங்க ஐயா. ரெண்டு பூச்சு அடிச்சாத்தான் நிக்கும்” என்றார் கடைக்காரர்.

ஒரு சுவருக்கு எதற்கு இரண்டு பாக்கெட்? ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டேன். பலகையோடு பஸ் ஏற முடியாததால் வரும்போது டாக்சி. முச்சந்தியிலேயே இறங்கி, சாமான்களைத் தூக்கி வந்து என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

ஒரு பாக்கெட் சுண்ணாம்புக்கு இரண்டு பாக்கெட்டுக்கான தண்ணீர் ஊற்றினால்தான் சுவர் முழுக்க வரும். ஊற்றினேன். முதலில் அடித்தபோது ஒன்றும் மறையவில்லை. பால் விட்ட காப்பிபோல, அடியில் இருந்ததெல்லாம் அப்படியே தெரிந்தது. பிரஷ்ஷை எறியலாம் போலிருந்தது. பத்து மணிக்கு மேல் வெயில் வந்தது. காயக் காய வெளுத்தது. பதினொன்றரைக்கு உடும்பின் வால் மறைந்தது. பன்னிரண்டரைக்குப் பதினெட்டு அடியும் வெள்ளை. விரல் நுனியெல்லாம் வெடித்து எரிந்தது. வெள்ளைப் பலகையை ஆணி அடித்து மாட்டினேன். தாழ்வாரத்தில் கிடந்த மட்டை, கொட்டை, தவளைக்குஞ்சுப் பாட்டில்கள் பதினாலையும் ஸ்டோர் அறையில் அடைத்தேன். கோழிகளைக் கூண்டில் போட்டேன். ஒன்றிரண்டின் முதுகில் சுண்ணாம்பு பட்டிருந்தது; துடைத்தேன்.

ஒன்று பத்துக்கு வந்தார்கள். முன்னால் ஓடிவந்தது பேரன்.

“தாத்தா, என் பியாவாக் எங்க?”

மருமகள் பையை இறக்காமல் தோளில் மாட்டியபடியே நின்றாள். நான் பலகையைக் காட்டினேன். புத்தகங்களைக் காட்டினேன். சப்பாத்துப் பெட்டியைத் திறந்தேன்.

“நாளைக்கு அந்தம்மா வர்றாங்கல்ல. ஒரு ஒழுங்கா இருக்கட்டுமேன்னு...”

 மூத்தவள் சுவருக்குப் பக்கத்தில் போனாள். இடது ஓரத்தில், தன் மழைக்கோடுகள் இருந்த இடத்தில் ஒரு விரலை வைத்து இழுத்தாள். விரலில் வெள்ளை ஒட்டியது. அந்த விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். என் எதிரில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகுதான் மருமகள் வாயைத் திறந்தாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“மாமா, நாளைக்கு அவ பேசவே வேணாம்னு சொல்லி வச்சிருந்தேன். செவுத்துக்குப் பக்கத்துல நின்னு, கேக்க கேக்க கைய காட்டுனா போதும்னு. எல்லாம் அவ எழுதுனதுதான, அதுவே பேசும்னு சொன்னேன். ரெண்டு வாரமா பழக்குனேன். இன்னைக்கு பஸ்ல வர்றப்பகூட, ‘எந்த மழைய மொதல்ல காட்டட்டும்மா’ன்னு கேட்டுக்கிட்டு வந்தா.”

 சப்பாத்துப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு மகன் வந்தான். சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “என்னாப்பா இது? பெரிய தொர வர்றாருன்னு நெனச்சீங்களா?” என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டதும், சிரிப்பை நிறுத்திக்கொண்டு எனக்கு ஒரு தேநீர் கலக்கிக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மனது சரியில்லாதபோது எதையாவது கூட்டிக்கொண்டிருப்பேன். செலவைக் கூட்டினேன். மூத்தவள் கூண்டைத் தாழ்போட வந்தாள். அது அவளுடைய வேலை. தாழ்போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். “அம்மாடி, தாத்தா தெரியாம...” என்று ஆரம்பித்தேன். போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை பேரன் வெள்ளைப் பலகையில் உடும்பைத் திரும்ப வரையப் பார்த்தான். “பலகை பத்தல தாத்தா. தலையோட முடிஞ்சிருச்சி” என்றான். அவன் மட்டும்தான் என்னோடு வழக்கம்போல் இருந்தான். மூத்தவளிடம் அவள் அம்மா என்னவோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

இரண்டு இருபதுக்கு ஒரு சின்னக் காடி வந்து நின்றது. இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். தமிழர். முன்பு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவராம். வாசலில் செருப்பைக் கழற்றியவர் எங்கள் பிள்ளைகளின் காலைப் பார்த்தார். மூன்றும் வெள்ளைச் சப்பாத்தோடு வரிசையாக நின்றன. வேண்டாம் என்று சொல்ல மருமகளுக்குத் தெம்பு இல்லை. கடைக்குட்டி இடதை வலதில் மாட்டியிருந்தாள்.

“என்னடா, எல்லாரும் ஸ்கூலுக்குக் கெளம்பிட்டீங்களா?”

“இல்ல டீச்சர், இது தாத்தா சப்பாத்து” என்றாள் கடைக்குட்டி.

பின்பக்கத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டோம். அவர் முதலில் புத்தகங்களை எடுத்தார். ஒன்றைத் திறந்தார். இன்னொன்றைத் திறந்தார். ஒன்பதையும் திறந்தார். ஒன்றிலும் பேனா பட்டிருக்கவில்லை.

“ஒண்ணும் எழுதலையே?”

“நேத்து முந்தாநாள்தான் வாங்குனது” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மருமகள் மறைக்கவில்லை. தாங்கள் சுவரில்தான் படிப்பதாகச் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தார். பதினெட்டு அடி வெள்ளை. எட்டிப் பார்க்கப்போய்ச் சாய்ந்ததில் அவருடைய தோளிலும் கொஞ்சம் ஒட்டியது.

“சுத்தமாத்தான் இருக்கு” என்றார். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் வலித்தது.

பிறகு மூத்தவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலை நன்றாகத் தணித்துக்கொண்டுதான் கேட்டார். என்ன படிக்கிறாய், என்ன பிடிக்கும், கோழிக்குப் பெயர் வைத்திருக்கிறாயா. உதடு உள்ளே மடிந்தது மடிந்ததுதான். ஐந்தாவது கேள்விக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டு மடியிலிருந்த காகிதத்தில் என்னவோ எழுதினார். மருமகள் கடைக்குட்டியின் சடையைத் திரும்பத் திரும்பப் பின்னி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஐந்து நாற்பது வேனின் ஹாரன் சத்தம் காதில் கேட்டது.

மூன்று மணி இருக்கும். ஆலைப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. செம்பனைக்காட்டில் மழை வருவதை முதலில் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். லாரி வருவதுபோல ஓர் இரைச்சல் நெருங்கி வரும். வந்தது. சாய்வு மழை. தாழ்வாரத்துக்குள்ளேயே அடித்தது. நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் கதவோரம் ஒதுங்கினோம். சாரல் சுவரில் பாதிக்கு மேல் பட்டது.

“வால்! வால் வருது!” என்று பேரன் கத்தினான்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஈரம் பட்ட இடத்தில் சுண்ணாம்பு தண்ணீராகி, அடியில் இருந்தது தெரிய ஆரம்பித்தது. முதலில் உடும்பின் வால். பிறகு முதுகு. மெழுகுக் க்ரேயான் மேல் சுண்ணாம்பு பிடிக்கவே இல்லை. வெள்ளை வழிந்து கோடுகோடாக இறங்கியது. லாரிப் பாதை வந்தது. ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு வந்தது. கடைக்குட்டி தன் கைத்தடத்தின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “கை பெருசாயிருச்சி” என்று அம்மாவிடம் ஓடிவந்தாள்.

மூத்தவள் எழுந்தாள். சாரலுக்குள்ளேயே நடந்துபோய் இடது ஓரத்தில் நின்றாள். அங்கே அவ்வளவாக மழை படவில்லை. கூரைத் தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்தி ஏந்திச் சுவரில் அடித்தாள். உள்ளங்கையால் தேய்த்தாள். நீலக்கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. புதுச் சப்பாத்து முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீர்.

அந்த அம்மாள் காகிதத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, நனைவதையும் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் போய் நின்றார்.

“இது என்னாம்மா?”

பேத்தி கம்பத்தில் கட்டியிருந்த டின்னைக் கையால் காட்டினாள். அவர் டின்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

“எல்லா மழையுமா?”

தலையை ஆட்டினாள். அவர் கோடுகளை ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு கோட்டைத் தொட்டு, “அன்னைக்கு எங்க வீட்ல வெள்ளம்” என்றார். பேத்தியின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் வாய் திறக்கவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“ஏன் ஐயா, இவ்ளோ நல்ல செவுத்த யாரு வெள்ளையடிச்சது?”

“நான்தாம்மா” என்றேன்.

“காச வேற செலவு பண்ணி! எவ்ளோ ஆச்சு?”

பேச்சை லேசாக்கத்தான் கேட்டார். மருமகள் எதிரில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “என்னா பெரிய செலவு. சுண்ணாம்பும் பிரஷ்ஷும்... பதிமூணு வெள்ளி நாப்பது காசு” என்றேன். ரிங்கிட் என்று அரசாங்கம் சொன்னாலும் எங்கள் வாயில் அது வெள்ளிதான்.

“இல்ல தாத்தா.”

மழைச் சத்தத்தில் யார் பேசியது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. மருமகளின் கை சடையில் அப்படியே நின்றது.

பேத்தி சுவரைப் பார்த்தபடியே, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். “சுண்ணாம்பு ஏழு வெள்ளி அம்பது. பிரஷ் அஞ்சு தொண்ணூறு. புக்கு ஒம்போது, ஒண்ணு ஏழு தொண்ணூறு, அது எழுபத்தொண்ணு பத்து. பலகை முப்பத்தெட்டு. சப்பாத்து மூணு ஜோடி அம்பத்தொம்போது எழுபது. போறதுக்கு பஸ்ஸு மூணு எம்பது.” மூச்சு வாங்கினாள். “அப்புறம் டாக்சி முப்பத்திரண்டு. மொத்தம் எரநூத்தி பதினெட்டு.”

“டாக்சியா!” என்றாள் மருமகள்.

“ஒனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று அந்த அம்மாள் கேட்டார். வெகு சாதாரணமாகக் கேட்டார், கடைத்தெருவில் பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்பதுபோல.

“தாத்தா கோழிக்கூண்டுகிட்ட நின்னு சத்தமா கூட்டுனாரு. எப்பவும் அப்படித்தான். எல்லாத்தையும் ரெண்டு தடவ கூட்டுவாரு.”

“சரியா கூட்டுவாரா?”

பேத்தி அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள். “செம்பனைப் பழத்துல மூணு வுட்டுட்டாரு. கோழி அடியில இருந்திச்சி.”

அவர் சிரித்தார். அப்போதுதான் வேலை முடிந்து நனைந்து வந்திருந்த மகன் அடுக்களை வாசலில் நின்றபடி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். மருமகள் கடைக்குட்டியின் தலையில் தன் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அந்த நேரத்தில் எதையும் எண்ணவில்லை.

மழை நின்றதும் பேத்தியும் அவரும் டின்னை அவிழ்த்து அளந்தார்கள். முப்பத்தொரு மில்லிமீட்டர் என்று பேத்திதான் சொன்னாள். அவர் குனிந்து குச்சியைப் பார்த்து, ஆமாம் என்றார். அதற்குப் பிறகு அவள் ஏழெட்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. போதும். அவர் திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்து, முன்பு எழுதியதற்குக் கீழே நிறைய எழுதினார். காடியில் ஏறும் முன் என்னிடம், “ஐயா, அடுத்த வருஷம் நான் வர்றப்ப செவுத்த அப்படியே வுட்டு வைங்க” என்றார். அவருடைய தோளில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. சொல்ல நினைத்து, மறந்துவிட்டேன்.

காய்ந்ததும் சுவர் மறுபடி வெளுத்துப்போனது, திட்டுத்திட்டாக. ஆனால் மழை வந்து சாரல் அடிக்கிற நாளெல்லாம் பழசு மேலே வந்து நிற்கும். பிள்ளைகள் அதைப் பார்க்கவென்றே மழைக்குக் காத்திருக்கின்றன. மே மாதம் கடிதம் வந்தது. இன்னும் ஒரு வருடம்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே மூத்தவள் என் கட்டிலுக்கு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, வெடித்திருந்த என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து ஒவ்வொரு விரலுக்கும் தடவினாள்.

“தாத்தா, க்ரேயான் எல்லாம் தீந்து போச்சி. செவுத்த திரும்ப எழுதணும்.”

“வாங்கித் தரேன்.”

“நாப்பத்தெட்டு கலர் பெட்டி. சுவா டவுனுல அந்த மூலக் கடையில இருக்கு. பன்னண்டு வெள்ளி எம்பது காசு. அப்பாகூட மோட்டார்ல போங்க. டாக்சி வேணாம்.”

மறுநாள் மகனின் மோட்டார் பின்னால் உட்கார்ந்து சுவாவுக்குப் போய் வாங்கி வந்தேன். விலையில் ஒரு காசு அவள் தவறவில்லை. வாங்கி வந்த பெட்டியைக் கொடுத்தபோது, என் செலவைச் சுவரில் எழுதட்டுமா என்று கேட்டாள். எழுது என்றேன். உடும்புக்கு மேலே, சிவப்பில், எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறாள்: தாத்தாவின் வெள்ளைக்கு ஆன செலவு, க்ரேயானோடு சேர்த்து, இருநூற்று முப்பது வெள்ளி எண்பது காசு.